பத்து ராகம்... மூன்று மெஷின்... ரெண்டே நாள்! உத்திரமேரூர் காதுக்கு ஒரு டெக்னோ இசைத்தட்டு

ஆடி மாதம் வந்துவிட்டால் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் இரவெல்லாம் சத்தம்தான். அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்கள். பம்பையும் உடுக்கையும் ஒரு பக்கம் முழங்கும், இன்னொரு பக்கம் மெல்லிசைக் கச்சேரிக்கு மேடை தயாராகும். ஒரு காலத்தில் அந்த மேடையில் தபேலா, டிரம்ஸ், கிட்டார், வயலின், புல்லாங்குழல் என்று வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது பல ஊர்களில் ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேடு, ஒரு லேப்டாப்போடு முடிந்துவிடுகிறது. சில ஊர்களில் டிஜே மட்டும்தான்.

"மெஷின் வந்து இசையைக் கெடுத்துடுச்சு" என்பார்கள் பெரியவர்கள். "பழசையே எத்தனை நாளைக்குக் கேட்கிறது?" என்பார்கள் பிள்ளைகள். வீட்டுக்கு வீடு நடக்கும் இந்தச் சண்டைக்கு நடுவில் வைத்துக் கேட்க வேண்டிய இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. 1982-ல் மும்பையில் பதிவானது. வாசித்தவர் சரண்ஜித் சிங். தட்டின் பெயர் 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்! இந்த வாரம் கேட்க வேண்டியது அதைத்தான்.

யார் இந்த சரண்ஜித் சிங்?

இந்தி சினிமாப் பாடல்களை 1960-களிலும் 70-களிலும் கேட்டவர்கள், பெயர் தெரியாமலே அவருடைய வாசிப்பையும் கேட்டிருப்பார்கள். சரண்ஜித் சிங் ஒரு ஸ்டூடியோ இசைக்கலைஞர். ஆர்.டி.பர்மன் உட்படப் பல இசையமைப்பாளர்களின் பாடல் பதிவுகளில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர். பாட்டு ஹிட்டானால் பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் வெளியே வரும். ஸ்டூடியோவில் கிட்டார் வாசித்தவரை யாருக்குத் தெரியும்?

சினிமாப் பதிவு இல்லாத நாள்களில் கல்யாண வரவேற்புகளில் குழு வைத்து வாசித்தார். சினிமாப் பாட்டுகளை வாத்திய இசையாக வாசித்துச் சில தட்டுகளும் வெளியிட்டார். நம் ஊர் மெல்லிசைக் குழுக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்களோ அப்படித்தான் அவர் பிழைப்பும்.

புதிதாக எந்த மின்னணு வாத்தியம் வந்தாலும் அதை வாங்கிப் பார்க்கும் ஆர்வம் அவருக்கு உண்டு. அப்படி அவர் கைக்கு வந்தவை ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் தயாரித்த மூன்று கருவிகள்.

ஒன்று, டிஆர்-808. இது தாளக் கருவி. ஒரு வரிசையில் 16 பொத்தான்கள் இருக்கும். எந்தப் பொத்தானை அழுத்தி வைக்கிறோமோ அந்த இடத்தில் அடி விழும். ஒருமுறை அமைத்துவிட்டால் நிறுத்தும்வரை அதே தாளம் ஓடும்.

இரண்டு, டிபி-303. இது கீழ்ஸ்தாயி சுரங்களை வாசிக்கும் சின்ன வெள்ளிப் பெட்டி. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்குத் துணையாக, பேஸ் கிட்டார் வாசிக்கும் ஆளுக்குப் பதிலாக இதை விற்றார்கள். ஆனால் சத்தம் பேஸ் கிட்டார் மாதிரியே இல்லை. வியாபாரம் படுத்துவிட்டது. சில ஆண்டுகளிலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று, ஜூபிடர்-8. இது கட்டைகள் வைத்த பெரிய சிந்தசைசர். ஒரே நேரத்தில் எட்டுக் குரல்கள் வரை ஒலிக்கும். வயலின் கூட்டம் போலவும், குழல் போலவும், வானத்தில் ஏதோ கடந்துபோவது போலவும் இதில் ஒலிகளை உருவாக்க முடியும். ஜூபிடர் என்றால் வியாழன் கிரகம். பெயர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்!

இந்த மூன்றையும் ஒன்றோடு ஒன்று இணைத்து வீட்டில் வாசித்துப் பழகினார் சிங். டிஸ்கோ அலை இந்தியாவையே ஆட்டிக்கொண்டிருந்த நேரம் அது. எல்லோரும் டிஸ்கோவில் சினிமாப் பாட்டு போட்டார்கள். இவர் ராகத்தைப் போட்டார். இரண்டே நாளில் பதிவு முடிந்தது. ஹெச்.எம்.வி வெளியிட்டது. பெரிதாக விற்கவில்லை. சிங் கல்யாண வரவேற்புகளுக்கு வாசிக்கப் போய்விட்டார்.

அங்கே சிகாகோவில்...

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1987. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 'ஃபியூச்சர்' என்ற பெயரில் மூன்று இளைஞர்கள் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற தட்டை வெளியிட்டார்கள். அவர்கள் கையில் இருந்ததும் அதே டிபி-303. விற்காமல் போனதால் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த பெட்டி. அதன் திருகுகளைத் திருகிக்கொண்டே போனபோது நெளிந்து, குழைந்து, கீச்சிடும் ஒரு ஒலி பிறந்தது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசைவகை அதிலிருந்து தொடங்கியது.

அதே காலத்தில் டெட்ராய்ட் நகரில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற நண்பர்கள் 'டெக்னோ'வை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளின் ஊர். வேலையும் ஆட்களும் குறைந்துகொண்டே வந்த நகரம். அந்த ஊர்ப் பிள்ளைகள் மெஷின் இசையில் வானத்தையும் விண்வெளியையும் எதிர்காலத்தையும் தேடினார்கள். டெரிக் மேயின் 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' 1987-ல் வந்தது. சிம்பொனி வயலின் போன்ற ஒலிகள் துண்டு துண்டாகப் பாய்ந்து வரும் அந்தத் தட்டு, இன்றும் டெக்னோவின் உச்சங்களில் ஒன்று. பின்னாளில், 2005-ல், டெட்ராய்ட்டின் ஜெஃப் மில்ஸ் பிரான்ஸ் நாட்டின் மோன்பெலியே சிம்பொனிக் குழுவோடு சேர்ந்து தன் டெக்னோ இசையை மேடையேற்றினார். மெஷினும் ஆர்கெஸ்ட்ராவும் ஒரே மேடையில்!

சரண்ஜித் சிங்கின் தட்டை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் ஆச்சர்யம் புரியும். ஆசிட் ஹவுஸுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, கிட்டத்தட்ட அதே ஒலி மும்பையில் பதிவாகியிருக்கிறது.

தூசி தட்டியவர்

2002-ல் டெல்லியில் பழைய இசைத்தட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார் எடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரர். இந்தித் திரையிசைத் தட்டுகளைச் சேகரிப்பவர். அவர் கையில் இந்தத் தட்டு சிக்கியது. போட்டுக் கேட்டவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு மும்பையில் சிங்கைத் தேடிக் கண்டுபிடித்தார். 2010-ல் தன்னுடைய 'பாம்பே கனெக்‌ஷன்' நிறுவனம் மூலம் தட்டை மறுபடியும் வெளியிட்டார்.

இணையத்தில் பலர் நம்பவில்லை. 'யாரோ இப்போது செய்துவிட்டு 1982 என்று கதை விடுகிறார்கள்' என்று சந்தேகித்தார்கள். கதை இல்லை. தட்டும் உண்மை, வாசித்த ஆளும் உண்மை. எழுபது வயதைத் தாண்டிய சரண்ஜித் சிங், அதே கருவிகளோடு ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகள் எதிரே நின்று ஆடினார்கள். 2015 ஜூலையில், 74 வயதில், மும்பையில் காலமானார்.

இது உத்திரமேரூர்க்காரர்களுக்குப் புதிய கதை இல்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு யார் கண்ணிலும் படும்படிதான் இருந்தது. படித்துச் சொல்ல ஆள் வந்த பிறகுதான் உலகம் அதைப் பேசியது.

'அப்படியானால் ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவரே நம்ம ஆள்தான்' என்று வாட்ஸ்அப்பில் பெருமை பேசத் தோன்றும். அது சரியல்ல. சிகாகோ இளைஞர்கள் சிங்கிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. ஒரே கருவி இரண்டு ஊர்களில் இரண்டு விதமான கைகளுக்குப் போனது. அங்கே பிறந்தது அவர்களுடையது. இங்கே பிறந்தது இவருடையது. 'முதலில் யார்?' என்ற கேள்வியை ஒதுக்கி வைத்தால்தான் தட்டில் உள்ள இசை காதில் விழும்.

நம் காதுக்குத் தெரிந்த ராகங்கள்

'இந்துஸ்தானி ராகமா? நமக்கு எங்கே புரியும்?' என்று தயங்க வேண்டாம். தட்டில் உள்ள பத்து ராகங்களில் பல, வேறு பெயரில் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

தட்டின் முதல் ராகம் பைரவ். சுர வரிசையில் இது நம் மாயாமாளவகௌளை. பாட்டு வாத்தியாரிடம் போகும் குழந்தை சரளி வரிசை பாடுவது இதில்தான். 'பூங்கதவே தாழ் திறவாய்' இந்த ராகம்தான்.

பூபாலி என்பது மோகனம். 'நின்னுக்கோரி வர்ணம்' ஞாபகம் வருகிறதா? யமன் என்பது கல்யாணி. 'ஜனனி ஜனனி' கல்யாணிதான். அந்தப் பாட்டு இடம்பெற்ற 'தாய் மூகாம்பிகை' வெளிவந்ததும் இதே 1982-ல்தான். மால்கவுன்ஸ் என்பது இந்தோளம். 'சலங்கை ஒலி' படத்தின் 'ஓம் நமசிவாய' கேட்டவர்களுக்கு இந்தோளம் பழகிய ராகம். கலாவதி நமக்கு வலஜி. பைராகி நமக்கு ரேவதி. மதுவந்தி நம் தர்மவதிக்கு நெருங்கிய சொந்தம்.

ஒரே ஒரு இடத்தில் ஏமாறக்கூடாது. தட்டில் 'தோடி' என்று ஒன்று வரும். அது நாகஸ்வர வித்வான்கள் மணிக்கணக்கில் வாசிக்கும் நம் தோடி இல்லை. சுர வரிசையில் அது நம் சுபபந்துவராளி. பெயர் ஒன்று, ஆள் வேறு. மிச்சமிருப்பவை லலித்தும் மேக் மல்ஹாரும். மேக் மல்ஹார் மழைக்கால ராகம். வடகிழக்குப் பருவமழைக்காக ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் அந்த ராகத்துக்குத் தனியாக விளக்கம் தேவையில்லை.

சுரங்கள் ஒன்றாக இருந்தாலும் வாசிக்கும் முறை வேறு. வடக்கத்தி ராகத்தின் அசைவு நம் கமகம் போல் இருக்காது. ஆனாலும் தெரிந்த முகத்தைத் தெரியாத ஊரில் பார்க்கும் சந்தோஷம் கிடைக்கும்.

மெஷினும் ராகமும் எப்படி ஒட்டின?

மேற்கத்திய டிஸ்கோ பாட்டில் கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். பாட்டு அந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டுதான் நகரும். ராக இசையில் அப்படி இல்லை. தம்பூராவோ சுருதிப் பெட்டியோ ஒரே ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் ராகம் மெல்ல விரியும். டெக்னோவும் அப்படித்தான். அடியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே நிறங்கள் மட்டும் மாறும்.

சிங் செய்தது இதைத்தான். தாளத்தை 808-க்குக் கொடுத்தார். ராகத்தின் சுரங்களை மட்டும் எடுத்து 303-ல் சின்ன வட்டமாக ஓடவிட்டார். அது சுருதிப் பெட்டியின் வேலையையும் மிருதங்கத்தின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. அதன்மேல் ஜூபிடரில் அவர் கை ராகத்தை வாசிக்கிறது. 303-ல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. மேற்கே அதைக் கேட்டவர்களுக்கு விநோதம். நமக்கு அது கமகத்தின் தூரத்துச் சொந்தம்.

தாளமும் பழகியதுதான். நான்கு நான்காக அடி விழுகிறது. தொடையில் தட்டி ஆதி தாளம் போட்டுப் பாருங்கள். எட்டு எண்ணிக்கை முடியும்போது மெஷினும் தன் இரண்டு சுற்றை முடித்திருக்கும். நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஜப்பான் மெஷின் உங்கள் கையோடு தாளம் போடும்.

குறையும் உண்டு. ஒவ்வொரு ராகத்துக்கும் சுமார் ஐந்து நிமிடம்தான். ஆலாபனையாக ஆற அமர விரிய இடமில்லை. கட்டை வாத்தியத்தில் சுரங்கள் தனித்தனிப் படிகள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் உள்ள நுணுக்கமான அசைவுகள் பல வராது. 'இது சங்கீதமா?' என்று வித்வான் ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ராகத்தின் விதியை சிங் எங்கும் சௌகர்யத்துக்காக உடைக்கவில்லை. மெஷின் வேகமாக ஓடுகிறது, கை நிதானமாக இருக்கிறது.

ஆர்மோனியம் சொல்லும் பாடம்

அந்நியப் பெட்டி ஒன்று நம் இசைக்குள் நுழைந்து சண்டை கிளப்புவது இது முதல்முறை இல்லை. ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 'இதில் கமகம் வராது, சுருதி சுத்தம் இல்லை' என்று சொல்லி அகில இந்திய வானொலி அதை 1940 முதல் 1971 வரை விலக்கியே வைத்திருந்தது. அதே காலத்தில் தெருக்கூத்துக்காரர்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்துக் கூத்தில் ஆர்மோனியம் இல்லாமல் கட்டியங்காரன் வருவானா? பக்கத்து மாவட்டத்துப் புரிசை கூத்துக்கு உலகம் முழுக்கப் பெயர். இன்று யாரும் அந்தப் பெட்டியை அந்நியம் என்று சொல்வதில்லை. வயலினும் வெளியிலிருந்து வந்ததுதான். இப்போது வயலின் இல்லாத கர்னாடகக் கச்சேரியைத் தேட வேண்டும்.

கூத்துக்கும் டெக்னோவுக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. இரண்டும் இரவில் தொடங்கி விடியும்வரை போகும். நேரம் ஆக ஆக, மாறாமல் விழும் தாளமே கேட்பவரைத் தூங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

அதற்காக, மெஷினால் யாருக்கும் நஷ்டமே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ் சினிமாவில் 'கம்ப்யூட்டர் மியூசிக்' என்ற பேச்சை ஊர் ஊராகக் கொண்டுபோனது 1986-ன் 'புன்னகை மன்னன்'. அதன்பிறகு மெஷின் ஸ்டூடியோவை நிறைத்தது. வாசிக்க வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது. ஸ்டூடியோவில் நடந்தது பிறகு திருவிழா மேடையிலும் நடந்தது. தவில்காரரும் தபேலாக்காரரும் இழந்த வேலை நிஜம். 'காலம் மாறிடுச்சு' என்ற ஒரு வார்த்தையில் அதை மூடிவிடக்கூடாது.

ஆனால் குற்றம் பெட்டியின்மேல் இல்லை. சரண்ஜித் சிங்கும் வாசித்துப் பிழைத்தவர்தான். அவர் மெஷினை வாங்கியது பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்ப அல்ல. தன் காதில் ஓடிய ஒன்றை வாசித்துப் பார்க்க வாங்கினார். பொத்தானை அழுத்துவது யாருக்கும் ஐந்து நிமிட வேலை. எந்த சுரம் பைரவில் வரும், எது வராது என்று கைக்குத் தெரிய பல வருடம் ஆகும். அந்தப் பல வருடம்தான் இந்தத் தட்டில் ஒலிக்கிறது. திருவிழாவில் கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கும், லேப்டாப்பில் பாட்டு செய்யும் தங்கைக்கும் இந்தத் தட்டு சொல்வது இதுதான்: முதலில் சரளி வரிசை, பிறகு மெஷின்.

எப்படிக் கேட்பது?

யூடியூபில் சரண்ஜித் சிங் என்று ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். 808-ன் அடியும் 303-ன் ஓட்டமும் கீழ்ஸ்தாயியில் இருப்பவை. போனின் சின்ன ஸ்பீக்கரில் பாதி காணாமல் போய்விடும். இயர்போன் போதும். அதுவும் இல்லையென்றால் ப்ளூடூத் ஸ்பீக்கர்.

பத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பைரவ். விளக்கு வைக்கும் நேரத்தில் யமன். ஊர் அடங்கிய பிறகு, மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு மால்கவுன்ஸ். வடக்கே இந்த ராகங்களுக்குச் சொல்லப்பட்ட நேரங்களும் இவைதான். உத்திரமேரூர் பக்கம் ஒரு வசதி உண்டு. ஊரைத் தாண்டி வயல்வெளிக்கு வந்துவிட்டால் இரவு வானம் இன்னும் இருட்டாக இருக்கிறது. ஜூபிடர்-8-ன் ஒலி மேலே மேலே போகும்போது பார்ப்பதற்கு நட்சத்திரம் இருக்கும்.

"என்னடா இது, மோட்டார் கொட்டகைச் சத்தம் மாதிரி இருக்கு?" என்று தாத்தா கேட்கலாம். கோபப்படாமல் ஒரு பக்க இயர்போனை அவர் காதில் வையுங்கள். முதல் ஒரு நிமிடம் முகம் சுளிப்பார். அதன்பிறகு "இது மோகனம் இல்ல?" என்று கேட்டால், அடுத்ததாக இந்தோளத்தைப் போடுங்கள்.